ரிப்போர்ட் கைக்கு வந்துருச்சு, மாத்திரை வரல: இங்கிலாந்துல ப்ரைவேட்டா ஏடிஹெச்டி டயக்னோசிஸ் எடுத்த ஒரு கேஸ்

இது எங்க பெரியம்மா பொண்ணோட ஏடிஹெச்டி கேஸ், அதாவது சின்ன வயசுலருந்தே இருக்கற கவனக்குறைவு, துறுதுறுப்பு பிரச்சினை. அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், வேலை, ஊரு மாதிரி ஒண்ணு ரெண்டு விவரத்த மட்டும் மாத்தியிருக்கேன். நான் டாக்டர் கிடையாது, ஆனா ஃபார்ம் ஃபில்லப் பண்றது, ஜிபிக்கு (அதாவது குடும்ப டாக்டருக்கு) மெயில் அடிக்கறது, கிளினிக் கிளினிக்கா ரேட் விசாரிக்கறதுன்னு ஆரம்பத்துலருந்தே கூட இருந்ததால எங்க எது சிக்குச்சுன்னு தெரியும்.

எனக்கு சொல்ல வேண்டியது ஒண்ணுதான். இங்கிலாந்துல பணத்தக் கட்டி டயக்னோசிஸ் வாங்கறது இந்த முழுக் கதையில சுலபமான பாகம். அதுக்கப்புறம் மாசா மாசம் மாத்திரைய யாரு எழுதித் தருவாங்க, யாரு காசுல, எத்தனை வருஷத்துக்குன்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அதத்தான் எல்லாரும் கடைசியில கேக்கறாங்க. அத முதல்ல கேக்கணும்.

கேஸ்

அக்காவுக்கு இப்ப 41 வயசு. கோவில்பட்டிப் பக்கம் வளந்து, திருநெல்வேலில இன்ஜினியரிங், சென்னைல கொஞ்ச காலம் வேலை, கல்யாணத்துக்கு அப்புறம் ரெடிங் பக்கம் செட்டில். சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கா. ஸ்கூல்ல எப்பவும் முதல் மூணு ராங்குக்குள்ள வர்ற பொண்ணு, அதனாலயே முப்பத்தெட்டு வயசு வரைக்கும் யாருக்கும் சந்தேகமே வரல.

கோவிட்லதான் எல்லாம் கழண்டுச்சு. ஆபீஸ் இருந்த வரைக்கும் எட்டு மணி ட்ரெயின், பக்கத்து சீட்டு ஆளு, பதினோரு மணிக்கு ஸ்டாண்டப் மீட்டிங்னு வெளியிலருந்து ஒரு பிடிமானம் இருந்துச்சு, வொர்க் ஃப்ரம் ஹோம் வந்ததும் அது போச்சு, அதே நேரம் பாத்து டீம் லீடா ப்ரமோஷன் வேற குடுத்தாங்க. தன் வேலைய தானே பாக்க முடியாதவ இப்ப ஆறு பேர் வேலைய ட்ராக் பண்ணணும். வாஷிங் மெஷின்ல துவைச்ச துணி ரெண்டு நாள் கெடந்து நாறி, திரும்ப துவைச்சு, திரும்ப மறந்து. பார்க்கிங் ஃபைன் வந்தா 14 நாளுக்குள்ள கட்டினா பாதிதான், அந்தக் கவர் அவ கண்ணு முன்னாடி கிச்சன் மேடையிலயே இருக்கும், ஆனா முழு ஃபைனா ஆகி அடுத்த லெட்டர் வந்தப்புறம்தான் கட்டுவா. இது சோம்பேறித்தனம்னு அவளே நம்பினா. அத்தான் வாய்விட்டு சொல்லல, ஆனா அவரும் அப்படித்தான் நெனச்சாருன்னு நெனைக்கிறேன்.

2021-ல ஜிபி ஆங்ஸைட்டின்னு செர்ட்ராலின் குடுத்தாங்க. பதட்டம் குறைஞ்சுது, மறதி அப்படியே இருந்துச்சு. அடுத்த வருஷம் பையனுக்கு ஸ்கூல்ல ஏடிஹெச்டி சந்தேகம்னு பெற்றோர் ஃபார்ம் ஒண்ணு அனுப்புனாங்க. பையனப் பத்தி டிக் அடிச்சுக்கிட்டே வந்தவளுக்கு பாதிக்கு மேல தன்னப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சாம். பெரிய வயசுல டயக்னோசிஸ் வாங்கற நெறைய அம்மா அப்பாக்கள் இந்த வழியாதான் வர்றாங்க.

2023 ஆரம்பத்துல ஜிபிகிட்ட போனா. ஏஎஸ்ஆர்எஸ்னு பதினெட்டு கேள்வி ஸ்க்ரீனிங் ஃபார்ம் குடுத்தாங்க. கூடவே தைராய்டு, இரும்புச்சத்து, பி12 எல்லாம் ரத்தப் பரிசோதனை பண்ணுனாங்க, இது ரொம்ப சரியான வேலை, ஏன்னா தைராய்டு குறைஞ்சாலும் தூக்கம் கெட்டாலும் டிப்ரஷன் இருந்தாலும் கவனம் சிதறத்தான் செய்யும். எல்லாம் நார்மல். அப்புறம் சொன்ன சேதிதான் இடி: உள்ளூர் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவ சேவை) அடல்ட் சர்வீஸ்ல வெயிட்டிங் ரெண்டு வருஷத்துக்கு மேல. இது அந்த ஏரியா கதை மட்டும் இல்ல, 2025 மார்ச் கணக்குல இங்கிலாந்து முழுக்க 5 லட்சம் பேருக்கு மேல அசெஸ்மென்ட்டுக்கு காத்துக்கிட்டு இருந்தாங்க.

வேலைல ஏற்கனவே பெர்ஃபார்மன்ஸ் ப்ளான்ல போட்டுட்டாங்க, ரெண்டு வருஷம் யாரு காத்திருப்பா. ப்ரைவேட்டா போயிடறேன்னு முடிவு பண்ணிட்டா. ஆபீஸ்ல குடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சந்தோஷமா போன் பண்ணா, பாலிசில ஏடிஹெச்டி மாதிரி நியூரோடெவலப்மென்டல் விஷயங்களுக்கு கவர் கிடையாதுன்னுட்டாங்க. பெரும்பாலான பாலிசி இப்படித்தான், முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்துக்கலாம், இதுக்கு சொந்தக் காசு.

கிளினிக் தேடுன கதை

அந்த 2023 மே மாசம்தான் பிபிசி பனோரமால ப்ரைவேட் ஏடிஹெச்டி கிளினிக்குகள் பத்தி ஒரு ப்ரோக்ராம் வந்துச்சு. ரிப்போர்ட்டர் மூணு ப்ரைவேட் கிளினிக்ல வீடியோ கால்ல அசெஸ்மென்ட் எடுத்தாரு, மூணுமே ஏடிஹெச்டின்னு சொல்லுச்சு, என்ஹெச்எஸ் சைக்கியாட்ரிஸ்ட் ஒருத்தர் மூணு மணி நேரம் உக்காத்தி வச்சு பாத்துட்டு இல்லன்னாரு. ப்ரோக்ராம் ஒரு பக்கமா இருக்குன்னு ஏடிஹெச்டி உள்ளவங்க நெறைய பேர் கோவப்பட்டாங்க, அதுல நியாயமும் இருக்கு, வெயிட்டிங் லிஸ்ட் ஏன் இவ்வளவு நீளம்ங்கறது பெரிய கேள்வி. ஆனா அதுக்கப்புறம் ப்ரைவேட் ரிப்போர்ட்னாலே ஜிபிக்கள் முகம் சுளிக்க ஆரம்பிச்சாங்க, அந்த விளைவு அக்கா தலையிலயும் விடிஞ்சுது.

நாங்க பாத்தது ரெண்டு விஷயம். முதல்ல, யாரு அசெஸ் பண்றாங்க. சைக்காலஜிஸ்ட் டயக்னோஸ் பண்ணலாம், அதுல தப்பே இல்ல, ஆனா அவங்க மாத்திரை எழுத முடியாது, அப்ப மாத்திரைக்கு இன்னொரு ஆளு, இன்னொரு ஃபீஸ். அதனால டாக்டர்களப் பதிவு பண்ற ஜிஎம்சி வெப்சைட்ல பேரு போட்டுப் பாத்து, ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல இருக்கற சைக்கியாட்ரிஸ்ட்டா தேடுனோம். ரெண்டாவது, எவ்வளவு நேரம் எடுப்பாங்க, யார் யார்கிட்ட பேசுவாங்க. சிகிச்சைக்கு வழிகாட்டற நைஸ் அமைப்போட 2018 கைட்லைன், அதாவது என்ஜி87, முழு வளர்ச்சி வரலாறும் மனநல வரலாறும் எடுக்கணும், வெறும் ஸ்கோர் ஃபார்ம வச்சு டயக்னோஸ் பண்ணக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது. நாப்பத்தஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாம், 400 பவுண்டுதான்னு ஒரு இடத்துல சொன்னாங்க. அக்கா போனது 850 பவுண்டு வாங்குன இடத்துக்கு. அன்னைக்கு வயித்தெரிச்சலாதான் இருந்துச்சு.

பெரியம்மா குடுத்த சாட்சி

அசெஸ்மென்ட் வீடியோ கால்தான், ரெண்டு மணி நேரத்துக்கு மேல. டீவா-5னு ஒரு இன்டர்வ்யூ முறை, நெதர்லாந்துல உருவானது. டிஎஸ்எம்-5ங்கற மனநல டயக்னோசிஸ் கையேட்டுல இருக்கற பதினெட்டு அறிகுறிலயும் ஒவ்வொண்ணுக்கும் இப்ப எப்படி, சின்ன வயசுல எப்படின்னு உதாரணத்தோட கேப்பாங்க. பெரியவங்களுக்கு கவனக்குறைவு, துறுதுறுப்புன்னு ரெண்டு வகைல ஏதாவது ஒண்ணுலயாவது குறைஞ்சது அஞ்சு அறிகுறி இருக்கணும், அதுல சிலதாவது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், வீடு மட்டும், ஆபீஸ் மட்டும்னு இல்லாம ரெண்டு இடத்துலயாவது தெரியணும்.

இந்த 12 வயசு விஷயத்துலதான் நம்ம ஆளுங்களுக்கு சிக்கல். இங்க பிறந்தவங்க அம்மா வீட்டு பரண்லருந்து ஸ்கூல் ரிப்போர்ட்ட எடுத்துட்டு வந்துருவாங்க, அதுல டீச்சர் பத்தி பத்தியா எழுதியிருப்பாங்க. நம்ம ரேங்க் கார்டுல என்ன இருக்கும், மார்க்கும் அப்பா கையெழுத்தும், மிஞ்சிப் போனா 'இன்னும் முயற்சி தேவை'. அதனால பெரியம்மாவ கூப்பிட்டோம். அக்கா ஸ்பீக்கர்ல போட்டா, நான் எழுதிக்கிட்டேன்.

"ஏட்டி, நீ நல்லாத்தானட்டி படிச்ச, இப்ப எதுக்கு மண்டை டாக்டர்ட்ட போற"ன்னு ஆரம்பிச்சாங்க. அஞ்சு நிமிஷம் இதே பாட்டு. அப்புறம் நான்தான், "அத விடுங்க பெரியம்மா, சின்னதுல எதெது தொலைச்சான்னு மட்டும் சொல்லுங்க"ன்னேன். அவ்வளவுதான், கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வருஷத்துக்கு எத்தனை போச்சு, ஒத்தக் கொலுசோட வந்தது, கணக்குப் பரீட்சைல பின் பக்கத்த திருப்பாமலே பேப்பர மடிச்சுக் குடுத்துட்டு வந்து தெருவுல பாண்டி ஆடுனது. "நான் எதுத்தாப்புல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாத்தான் இவ புஸ்தகத்தத் தொடுவா, நான் அடுப்படிக்கு எந்திரிச்சா இவளும் எந்திரிச்சுருவா."

இந்தக் கீரை விஷயத்த டாக்டர்கிட்ட சொன்னதும் அவரு டைப் பண்றத நிறுத்திட்டு அடுத்து கேட்டது: அம்மா பக்கத்துல இல்லாதப்ப என்ன ஆச்சு? ஹாஸ்டலுக்குப் போன முதல் செமஸ்டர்லயே மூணு அரியர். இது அவ வாழ்க்கைலயே பெரிய அவமானம், எங்க குடும்பத்துல அத 'ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல'ன்னு சொல்லி மூடி வச்சிருந்தாங்க. ராங்க் எடுத்தவளுக்கு எப்படி ஏடிஹெச்டி இருக்கும்ங்கற கேள்விக்கு பதில் அங்கதான் இருந்துச்சு, பிடிமானம் மொத்தமும் பெரியம்மா, அத எடுத்ததும் சரிஞ்சுருக்கு, பல வருஷம் கழிச்சு ஆபீஸ் ட்ரெயின எடுத்ததும் அதேதான் நடந்துருக்கு.

கூட இருந்தவங்க எழுதற இன்ஃபார்மன்ட் ஃபார்ம் இங்கிலீஷ்ல இருந்ததால பெரியம்மா நேரடியா எழுத முடியல. மொழிபெயர்ப்ப பேஷன்ட்டே பண்ணா அதுக்கு மதிப்பு கிடையாதுல்ல, அதனால நான் எழுதின குறிப்ப கிளினிக்குக்கு நேரா அனுப்புனேன். இப்ப நடக்கறதுக்கு அத்தான் தனி ஃபார்ம் எழுதுனாரு. அவரு எழுதினத அக்கா இன்னைக்கு வரைக்கும் படிக்கல, படிக்க வேணாம்னுட்டாரு.

ஆகஸ்ட் 2023, ரிப்போர்ட் வந்துச்சு. இன்அட்டென்டிவ், அதாவது கவனக்குறைவு வகை, பத்து பக்கம். அழுதுட்டு அன்னைக்கு சாயங்காலமே ஜிபிக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டா.

மாத்திரை

2023 செப்டம்பர் 27, இங்கிலாந்துல ஏடிஹெச்டி மாத்திரை தட்டுப்பாடுன்னு நேஷனல் பேஷன்ட் சேஃப்டி அலர்ட் போட்டாங்க. மெத்தில்ஃபெனிடேட், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின், க்வான்ஃபசின் மூணுமே. சப்ளை சரியாகற வரைக்கும் இந்த மருந்துகள புதுசா யாருக்கும் ஆரம்பிக்க வேணாம்னு அதுல இருந்துச்சு. அக்கா புது ஆளு. 850 பவுண்டு குடுத்து வாங்குன ரிப்போர்ட்டோட நாலஞ்சு மாசம் சும்மா உக்காந்திருந்தா, அதுக்குள்ள டீம் லீட் போஸ்ட்லருந்து அவளா எறங்கிக்கிட்டா.

2024 ஆரம்பத்துல டைட்ரேஷன் தொடங்குச்சு, டோஸ கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எது ஒத்துக்குதுன்னு பாக்கற கட்டம். நைஸ் கைட்லைன்படி பெரியவங்களுக்கு முதல்ல லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் இல்லன்னா மெத்தில்ஃபெனிடேட். இவளுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின், எல்வான்ஸ்ங்கற பிராண்ட், இது ஆம்ஃபெட்டமின் வகை. ஒவ்வொரு தடவ டோஸ் மாறும்போதும் பிபி, பல்ஸ் பாத்து அனுப்பணும், அதுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கி வச்சுக்கிட்டா. 30 மில்லிகிராம்ல வாய் காஞ்சதத் தவிர பெருசா ஒண்ணும் தெரியல. 50ல, துணி மெஷின்லருந்து அன்னைக்கே வெளிய வந்துச்சு. 70 போனப்ப நெஞ்சு படபடன்னு, பசங்க மேல எரிஞ்சு விழுந்தா, திரும்ப 50க்கே எறக்கிட்டாங்க. மத்தியானம் பசியே எடுக்காது, ஏழு மணிக்கு மேல வீட்ல இருக்கறத எல்லாம் சாப்டுவா. மாத்திரை போட்டதும் வாழ்க்கையே மாறிடுச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, இவ அப்படி சொல்லல. ஒரு வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள நடக்கற சண்டை கம்மியாச்சுன்னு சொன்னா.

இது ஷெட்யூல் 2 கன்ட்ரோல்ட் ட்ரக், சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து. ப்ரைவேட் டாக்டர் எழுதுனா அதுக்குன்னு தனி பிங்க் கலர் ஃபார்ம், 28 நாள்தான் செல்லும், 30 நாளைக்கு மேல குடுக்கக்கூடாதுங்கறது வழக்கம். ஒரிஜினல் பேப்பர் போஸ்ட்ல ஃபார்மசிக்கு போகணும், போஸ்ட் லேட்டானா மாத்திரை லேட்டு. மாசா மாசம் ஞாபகமா கேட்டு வாங்கணும், மறதிக்கு மருந்து வாங்க வர்ற ஆளுக்கு இப்படி ஒரு சிஸ்டம்.

செலவு பவுண்டுல: மாசா மாசம் ப்ரிஸ்க்ரிப்ஷன் எழுத 35, மாத்திரைக்கு 95 கிட்ட, டைட்ரேஷன் ரிவ்யூ ஒவ்வொண்ணுக்கும் 140. அசெஸ்மென்ட்டையும் சேத்தா மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வருஷம் முடியறப்ப மூணாயிரம் பவுண்ட தொட்டுருச்சு. இதே மாத்திரை ஜிபி எழுதுனா இங்கிலாந்துல 9.90 பவுண்டு.

அந்த 9.90க்கு மாறணும்னா ஷேர்ட் கேர் வேணும். டோஸ் செட்டானதும் ஸ்பெஷலிஸ்ட் ஜிபிக்கு லெட்டர் எழுதுவாரு, ஜிபி மாத்திரைய எழுதி பிபி பாத்துக்குவாங்க, ஸ்பெஷலிஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவ ரிவ்யூ பண்ணுவாரு. கிளினிக் வெப்சைட்ல இதப் பத்தி ஒரே ஒரு வரி, ஜிபியோட சேந்து செய்வோம்னு. 2024 வசந்தத்துல லெட்டர் போச்சு, ஒரு வாரத்துல ஜிபிகிட்டருந்து ரெண்டு வரி பதில்: ப்ரைவேட் ப்ரொவைடர்களோட ஷேர்ட் கேர் நாங்க ஏத்துக்கறதில்ல.

அக்காவுக்கு கோவம் வந்துச்சு, எனக்கும்தான். ஆனா அவங்க பக்கமும் சொல்லணும். ஷேர்ட் கேர் ஜிபிக்கு கட்டாயம் கிடையாது, பல ஏரியாவுல அதுக்குன்னு தனிப் பணமும் கிடையாது. யாரு கையெழுத்து போடறாங்களோ பொறுப்பு அவங்க தலையில. பேஷன்ட் ஒரு வருஷம் கழிச்சு ப்ரைவேட் ரிவ்யூக்கு காசு கட்டாம விட்டுட்டா, ஸ்பெஷலிஸ்ட் யாருமே இல்லாம ஜிபி மட்டும் ஆம்ஃபெட்டமின் எழுதிக்கிட்டு இருக்கணும். 2024 ஆகஸ்ட்ல ஜிபிக்கள் கலெக்டிவ் ஆக்ஷன்னு கூட்டா எதிர்ப்பு ஆரம்பிச்சப்ப, காசு வராத கட்டாயமில்லாத வேலைகள நிறுத்தலாம்னே டாக்டர்கள் சங்கமான பிஎம்ஏ சொல்லுச்சு, அதுக்கப்புறம் இன்னும் இறுகிப் போச்சு. ஜிபி மறுத்தது எனக்குத் தப்பாப் படல, முன்னாடியே சொல்ல யாரும் இல்லங்கறதுதான் தப்பு. காசு வாங்குன கிளினிக்குக்கு இது நல்லாவே தெரியும்.

ரைட் டு சூஸ்

பக்கத்து ஜிபி சர்ஜரி (ஜிபியோட கிளினிக்) ஒண்ணுல விசாரிச்சப்பதான் ரிசப்ஷன்ல இருந்த அம்மா சொன்னாங்க, என்ஹெச்எஸ் கான்ட்ராக்ட் இருக்கற ப்ரொவைடர்னா பாக்கலாம்னு. ரைட் டு சூஸ்ங்கறது இங்கிலாந்துல இருக்கற சட்ட உரிமை, மனநலத்துக்கு 2014லருந்து இருக்கு. ஜிபி ரெஃபர் பண்ணணும், என்ஹெச்எஸ் கான்ட்ராக்ட் வச்சிருக்கற எந்த ப்ரொவைடரயும் நாம தேர்ந்தெடுக்கலாம், அதுல பல பேரு ப்ரைவேட் கம்பெனிகளேதான், பணம் மட்டும் என்ஹெச்எஸ் கட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல இது கிடையாது. 2023லயே கேட்டிருக்கலாம், அவ ஜிபி சர்ஜரில ஒருத்தரும் வாயத் தொறக்கல.

2024 கோடைல அந்த சர்ஜரிக்கே மாறி ரெஃபரல் போட்டா. இங்கதான் அந்த 850 பவுண்டு ரிப்போர்ட் வேலை செஞ்சுது. வெளிய எடுத்த டயக்னோசிஸ சில ப்ரொவைடர் ஒத்துக்கறதே இல்ல, மொதல்லருந்து ஆரம்பிக்கணும். இவங்க ரிப்போர்ட்ட அனுப்பச் சொன்னாங்க. யாரு பாத்தது, டீவா கேள்விகளுக்கு என்ன உதாரணம், சின்ன வயசுக்கு யாரு சாட்சி, வேற என்னென்ன நோய் இல்லன்னு பாத்தாங்கன்னு எல்லாம் அதுல இருந்ததால முழு அசெஸ்மென்ட் வேணாம், ஒரு ரிவ்யூ போதும்னுட்டாங்க. கீரை உருவுன கதை வரைக்கும் அதுல இருந்துச்சு. நாப்பத்தஞ்சு நிமிஷ ரிப்போர்ட்டா இருந்தா இது நடந்திருக்காதுங்கறது என் கணிப்பு. ஆனாலும் ரிவ்யூ முடிஞ்சு ஷேர்ட் கேர் ஓகே ஆக 2025 பாதி ஆயிருச்சு, அது வரைக்கும் ப்ரைவேட் ப்ரிஸ்க்ரிப்ஷன்தான் ஓடுச்சு. இடையில விட்டா திரும்ப டைட்ரேஷன்ங்கற பயம்.

ஆபீஸ்ல ஊழியர் உடல்நலம் பாக்கற ஆக்குபேஷனல் ஹெல்த் மூலமா, மீட்டிங்ல சொல்றத அப்புறம் எழுதி அனுப்பணும்னு மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டா, பாகுபாடு கூடாதுங்கற ஈக்வாலிட்டி ஆக்ட் 2010 இருக்கறதால ஹெச்ஆர் பெருசா முரண்டு பிடிக்கல. கார் ஓட்டறவங்க ஒண்ணு கவனிங்க, ஏடிஹெச்டியோ மாத்திரையோ ஓட்டறத பாதிச்சா லைசென்ஸ் குடுக்கற டிவிஎல்ஏக்கு சொல்லியாகணும், போலீஸ் ட்ரக் டெஸ்ட்ல ஆம்ஃபெட்டமின் காட்டலாம், அதனால ப்ரிஸ்க்ரிப்ஷன் ஆதாரம் கைல இருக்கறது நல்லது. ஊருக்குப் போறவங்களும் டாக்டர் லெட்டரோட போங்க. அங்க பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட், அடாமாக்ஸெடின்தான் எழுதறாங்க, அதுலயும் மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ்ங்கற கட்டுப்பாடான பட்டியல்ல இருக்கு, எல்லா மெடிக்கல் ஷாப்லயும் வச்சிருக்க மாட்டாங்க.

இப்ப அக்காவோட சொந்தத் தம்பி, கவன்ட்ரில இருக்கான், அவனுக்கும் இதே சந்தேகம். ஒரு ப்ரைவேட் கிளினிக்ல டெபாசிட் கட்டிட்டுதான் எங்ககிட்டயே சொன்னான். அக்கா அவன உக்கார வச்சு ஜிபிக்கு ஒரு மெயில் போடச் சொன்னா: இந்தக் கிளினிக்ல டயக்னோசிஸ் வந்தா நீங்க ஷேர்ட் கேர் எடுப்பீங்களா, ரைட் டு சூஸ்ல ரெஃபர் பண்ணுவீங்களா, பதில எழுத்துல குடுங்கன்னு. பதில் வந்துச்சு. முதல் கேள்விக்கு முடியாது. ரெண்டாவதுக்கு, ஃபார்ம் ஃபில்லப் பண்ணி ப்ரொவைடர் பேரப் போட்டு அனுப்புங்க, ரெஃபர் பண்றோம், ஆனா 2025லருந்து சில ஏரியாவுல எண்ணிக்கைக்கு கட்டுப்பாடு வந்திருக்கு, காத்திருக்க வேண்டியிருக்கும்னு. டெபாசிட்டத் திரும்ப வாங்கிட்டான். ஃபார்ம் போன வாரம்தான் போச்சு, சின்ன வயசு சாட்சிக்கு பெரியம்மா இந்தத் தடவ போன் பண்ணதும் எடுத்த எடுப்புலயே, "அவன் தொலைச்சதுக்கு தனி நோட்டு வேணும்"னுட்டாங்க.